லோகோவிலேயே நின்றுபோன போன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பழைய ஸ்மார்ட்போன் ஒன்று லோகோவிலேயே நிற்கிறது, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாமே சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளலாமா? திண்டுக்கல்லில் 18 வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். என் மேசைக்கு வரும் செட்டுகளில் நிறைய, யாரோ அவசரப்பட்டுத் தவறான ஃபைலை ஏற்றியதால் வந்தவை. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்திருக்கிறேன்.

அக்கா, என் அம்மா போன வருஷம் தவறிவிட்டார்கள். அவர்கள் வைத்திருந்த சாம்சங் கேலக்ஸி ஜே7 பிரைம் போனில் அவர்கள் பாடிய பாட்டுகளும் பேரனுக்குச் சொன்ன கதைகளும் குரல் பதிவாக இருக்கின்றன. போன மாதம் சார்ஜ் போட்டு ஆன் செய்தேன். சாம்சங் என்ற எழுத்தோடு நின்றுவிட்டது. கடையில் கேட்டால், "சாஃப்ட்வேர் போடணும், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும்" என்கிறார்கள். நானே லேப்டாப்பில் முயன்று பார்க்கலாமா?
— வாசகி, தேனி

பார்க்கலாம், தங்கச்சி. கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. கடைகளில் வழக்கமாகப் போடும் முறையில் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துதான் போகும். அழிக்காமல் போடவும் வழி இருக்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும், கவனம் வேண்டும். கடையில் வரிசையாக ஆள் நிற்கும்போது அந்த நேரம் கிடைப்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கும்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. போனின் பக்கவாட்டு ட்ரேயில் மெமரி கார்டு இருந்தால் வெளியே எடுத்து, அதில் உள்ளதை முழுவதும் லேப்டாப்பில் நகல் எடுங்கள். வாய்ஸ் ரெக்கார்டரில் கார்டில் சேமிக்கும்படி வைத்திருந்தால் பாட்டுகள் அங்கேயே கிடைத்துவிடும். அடுத்தது உங்கள் சொந்த போன். அம்மா வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிய குரல் செய்திகள் உங்கள் போனிலும் இருக்கும். வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்று தனி ஃபோல்டர் உண்டு, அதைப் பாருங்கள். அண்ணன், சித்தி, பெரியம்மா என்று யாருக்கெல்லாம் பேசி அனுப்பினார்களோ அவர்கள் போன்களிலும் தேடச் சொல்லுங்கள். அம்மாவின் சிம் இன்னும் வேலை செய்கிறதென்றால் ரீசார்ஜ் செய்து அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் ஏறியிருந்தால், அதை இறக்க அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும்.

இனி போனுக்கு வருவோம். இரண்டு மணி நேரமாவது சார்ஜில் போட்டு வையுங்கள். பிறகு வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பத்து விநாடி பிடித்தால் நின்ற போன் அணைந்து மறுபடி எழும். திரை கறுக்கும் அந்த நொடியில் விரலை மாற்றி, வால்யூம் கூட்டும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் ஒன்றாகப் பிடியுங்கள். சாம்சங் எழுத்து வந்ததும் பவரை விடுங்கள். சில சமயம் நோ கமாண்ட் என்று ஒரு பொம்மை வரும். பதற வேண்டாம், சற்றுப் பொறுத்தால் கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் ஒரு மெனு வரும். அதற்கு ரெக்கவரி என்று பெயர்.

இந்த மெனுவில்தான் பலர் கையை வைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேர் கீழே வைப் கேச் பார்ட்டிஷன் என்று இன்னொரு வரி. மேல் வரியைத் தேர்ந்தால் அம்மாவின் குரல் போய்விடும். கீழ் வரி தற்காலிகக் குப்பையை மட்டும் துடைக்கும். வால்யூம் பட்டனால் ஒவ்வொரு வரியாக இறங்குங்கள். பட்டை எந்த வரியில் நிற்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரையும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பவரை அழுத்துங்கள். துடைத்து முடித்ததும் ரீபூட் கொடுங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்த போன்கள் இதிலேயே எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுந்துவிட்டால் வேறு எதையும் தொடாமல் கேபிளைப் போட்டு எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிடுங்கள்.

எழவில்லை என்றால்தான் சாஃப்ட்வேர். அதற்கு முன் அதே ரெக்கவரி திரையின் மேல்பகுதியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி610எஃப் என்று தொடங்கும் நீளமான ஒரு குறியீடு அங்கே இருக்கும். அதுதான் இப்போது போனில் உள்ள பதிப்பு. அதன் கடைசி ஐந்து எழுத்துகளில் முதலாவது, பூட்லோடரின் (போன் ஆன் ஆனதும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரல்) எண். கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து வருஷம்: க்யூ என்றால் 2017, ஆர் என்றால் 2018, எஸ் என்றால் 2019. அதை அடுத்து வருவது மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். நீங்கள் இறக்கும் ஃபைல் இதே பதிப்பாகவோ இதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். பூட்லோடர் எண் குறைந்த ஃபைலைப் போட்டால் எஸ்.டபிள்யு ரெவ் செக் ஃபெயில் என்று சொல்லிப் போன் மறுத்துவிடும். எண் ஒன்றாகவே இருந்து பதிப்பு மட்டும் பழையது என்றால் ஏறிவிடக்கூடும். ஆனால் உள்ளே இருக்கும் புதிய தகவல்களோடு அது ஒத்துப்போகாமல் மறுபடி லோகோவில் நிற்கும்.

மாடல் எண்ணையும் சரிபாருங்கள். ஜே7 என்ற பெயரில் ஜே7, ஜே7 பிரைம், ஜே7 மேக்ஸ், ஜே7 ப்ரோ என்று வரிசையாக வந்தன. ஒன்றின் ஃபைல் இன்னொன்றுக்கு ஆகாது. பின்மூடியில் அச்சிட்டதை மட்டும் நம்ப வேண்டாம், மூடி மாற்றியதாக இருக்கலாம். வால்யூம் குறைக்கும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் பிடித்தால் ஒரு எச்சரிக்கை வரும். அதில் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தினால் டவுன்லோட் மோட், அதாவது கம்ப்யூட்டரிலிருந்து சாஃப்ட்வேரை வாங்கிக்கொள்ளும் நிலை. அந்தத் திரையின் இடது மேல் மூலையில் பொடி எழுத்தில் ப்ராடக்ட் நேம் என்று போட்டு எஸ்.எம்-ஜி610எஃப் என்று வரும். இது போனே சொல்வது. இதைத்தான் நம்ப வேண்டும்.

லேப்டாப்பில் சாம்சங் யு.எஸ்.பி. டிரைவரும், போனுக்குள் சாஃப்ட்வேரை ஏற்றும் ஒடின் என்ற மென்பொருளும் வேண்டும். இறக்கிய ஜிப்பை விரித்தால் ஐந்து ஃபைல்கள் கிடைக்கும். பி.எல். என்று தொடங்குவது பூட்லோடர். ஏ.பி. என்பதுதான் ஆண்ட்ராய்டு முழுவதும். சி.பி. என்பது சிக்னல் பிடிக்கும் மோடத்துக்கானது. மிச்சம் இரண்டு. இரண்டின் பெயரிலும் சி.எஸ்.சி. இருக்கும், ஒன்றில் மட்டும் அதற்கு முன்னால் ஹோம் என்று ஒட்டியிருக்கும். உங்கள் அம்மாவின் பாட்டு இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது, தங்கச்சி. ஹோம் இல்லாத சி.எஸ்.சி. போனை முழுக்கத் துடைத்துப் புதிதாக்கும். ஹோம் சி.எஸ்.சி. உள்ளே உள்ளதை அப்படியே விட்டுவிட்டு ஆண்ட்ராய்டை மட்டும் மாற்றும். ஒடினில் சி.எஸ்.சி. என்ற கட்டத்தை அழுத்தியதும் இரண்டு ஃபைலும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். கை தவறாமல் இருக்க, ஹோம் இல்லாததை முன்கூட்டியே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஏ.பி. ஃபைலைத் தேர்ந்ததும் ஒடின் சில நிமிஷம் அசைவில்லாமல் நிற்கும். அது உறைந்துபோகவில்லை, ஃபைல் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று சரிபார்க்கிறது. மூடிவிடாதீர்கள். ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஆட்டோ ரீபூட், எஃப் ரீசெட் டைம் இரண்டும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். ரீ-பார்ட்டிஷன், நேண்ட் இரேஸ் இரண்டிலும் டிக் இருக்கவே கூடாது. டவுன்லோட் மோடில் உள்ள போனைக் கேபிளில் மாட்டினால் இடது மேல் கட்டம் நிறம் மாறி, கீழே ஆடட் என்று வரும். ஸ்டார்ட் கொடுங்கள். போன் திரையில் ஒரு கோடு மெல்ல நகரும். அது ஓடும்போது கேபிளைத் தொடாதீர்கள், லேப்டாப் மேசையை நகர்த்தாதீர்கள். கட்டம் பச்சையாகி பாஸ் என்று வந்ததும் போன் தானாக அணைந்து எழும். முதல் முறை எழப் பத்து நிமிஷம்கூட ஆகலாம்.

பாஸ் வந்தும் மறுபடி லோகோவிலேயே நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்ததாக ஹோம் இல்லாத சி.எஸ்.சி.யைப் போட்டுப் பார்க்கலாமே என்று மனசு சொல்லும். அதைச் செய்தால் போன் எழும், பதிவுகள் இருக்காது. தகவல் மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களிடம் போனை அப்படியே கொடுங்கள். "உள்ளே உள்ளதுதான் வேண்டும், போன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை" என்று எழுதியே கொடுங்கள்.

நான் இவ்வளவு நீட்டிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கடை தொடங்கிய புதிதில் ஒருவர் போனைக் கொடுத்தார், நான் கேள்வி எதுவும் கேட்காமல் சாஃப்ட்வேரைப் போட்டு எழுப்பிக் கொடுத்தேன். அவர் நேராக கேலரியைத் திறந்தார். மகளுக்குக் காது குத்திய படங்கள் அதில் மட்டும்தான் இருந்திருக்கின்றன. எதுவும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து, உள்ளே என்ன வேண்டும் என்று கேட்டு பில்லில் எழுதாமல் நான் எந்தப் போனையும் வாங்குவதில்லை. முடிந்ததும் என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி.

மீடியாடெக் சிப் உள்ள போனுக்கு எஸ்.பி. ஃப்ளாஷ் டூல் வைத்து நானே சாஃப்ட்வேர் போட்டேன் அக்கா. பச்சை டிக் வந்தது, போனும் ஆன் ஆகிறது. ஆனால் சிம் போட்டால் இன்வேலிட் ஐ.எம்.இ.ஐ. என்கிறது. சிக்னலே இல்லை. எங்கே தவறினேன்?
— கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

தம்பி, அந்த டூலில் மேலே ஒரு சின்னப் பெட்டியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: டவுன்லோட் ஒன்லி, ஃபர்ம்வேர் அப்கிரேட், ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட். நீங்கள் மூன்றாவதைத்தான் தேர்ந்திருப்பீர்கள். "எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக" என்று கேட்கும்போது நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் மீடியாடெக் போனில் என்.வி.ரேம் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண், வைஃபை முகவரி, சிக்னல் பிடிக்கும் பாகத்துக்கு ஃபேக்டரியில் போட்ட அளவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இறக்கிய ஃபைலில் அவை இருக்காது, ஒவ்வொரு போனுக்கும் அவை வேறு வேறு. ஃபார்மட் ஆல் கொடுத்ததும் அந்தப் பகுதியும் சேர்ந்து அழிந்துவிட்டது.

முன்பே என்.வி.ரேமை பேக்கப் எடுத்திருந்தால் திருப்பிப் போட்டுவிடலாம். இல்லை என்றால் போன் பெட்டியில் அச்சிட்ட 15 இலக்க எண்ணையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். நெட்டில் கிடைக்கும் டூல்களில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் நண்பர்கள் அப்படிச் சொல்வார்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது இந்தியாவில் 2017-ஆம் வருஷ விதிகளிலிருந்தே குற்றம், மூன்று வருஷம் வரை சிறை உண்டு. திருட்டுப் போன்களைப் பிடிப்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

அடுத்த முறை டவுன்லோட் ஒன்லி போதும், தொண்ணூறு சதவீத வேலை அதிலேயே முடியும் என்பது என் அனுபவம். ஸ்கேட்டர் ஃபைலை (எந்தப் பகுதி எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்) ஏற்றியதும் கீழே ப்ரீலோடர், பூட், ரெக்கவரி, சிஸ்டம், யூசர்டேட்டா என்று வரிசையாகக் கட்டங்கள் வரும். படங்கள் முக்கியம் என்றால் யூசர்டேட்டாவில் டிக்கை எடுத்துவிட்டு, போனில் இருந்த அதே பதிப்பையே போட்டுப் பாருங்கள். போனை முதலில் எழுப்பும் ப்ரீலோடர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். விலை குறைந்த மாடல்களில் ஒரே பெயரில் இரண்டு மூன்று விதமான போர்டுகள் வரும், ரேம்கூட வேறாக இருக்கும். வேறு போர்டின் ப்ரீலோடர் ஏறிவிட்டால் போன் முழு டெட். 4032 என்ற எண்ணோடு பிழை வந்தால், இந்த ஃபைல் உங்கள் போர்டுக்கு உரியதுதானா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மகன் வெளிநாட்டிலிருந்து 2013-இல் வாங்கி அனுப்பிய ஐபோன் 5, கொஞ்ச வருஷம் ஓடிய பிறகு அலமாரியில் கிடந்தது. இப்போது எடுத்து சார்ஜ் போட்டேன். ஆன் ஆகிறது. வைஃபையும் பிடிக்கிறது. ஆனால் மெயில் வரவில்லை, சஃபாரியில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. தேதியும் தப்பாகக் காட்டுகிறது. போன் பழுதா, அம்மா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீரங்கம்

பழுதில்லை, ஐயா. அலமாரியில் இருந்த காலத்தில் ஒரு தேதியைத் தவறவிட்டிருக்கிறது.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நேரத்தை வாரக் கணக்கில் அனுப்புகின்றன. அந்தக் கணக்கு 1024 வாரம் வரைதான் போகும். அப்புறம் பழைய கார் மீட்டர் போல மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 1024 வாரம் என்றால் ஏறக்குறைய பத்தொன்பதரை வருஷம். இந்தத் திருப்பம் 2019 ஏப்ரலில் நடந்தது, ஆப்பிளின் பழைய கருவிகளில் அதன் பாதிப்பு 2019 நவம்பர் 3 அன்று தொடங்கியது. அதற்கு முன் ஐ.ஓ.எஸ். 10.3.4 பதிப்பைப் போட்டுக்கொள்ளும்படி ஆப்பிள் சொல்லியிருந்தது. போடாத ஐபோன் 5 போன்களில் தேதி குழம்பிவிட்டது. தேதி தவறினால் இணையத்தில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஒத்துப்போகாது. அதனால்தான் வைஃபை பிடித்தும் மெயில் வரவில்லை, பக்கம் திறக்கவில்லை. போன் வழியாகவே அப்டேட் செய்யவும் முடியாது, ஐகிளவுடில் பேக்கப்பும் எடுக்க முடியாது. கம்ப்யூட்டர்தான் ஒரே வழி.

செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் பக்கம் போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 10.3.4-ஐ விடக் குறைவாக இருந்தால் நான் சொன்னதுதான் காரணம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் போடுங்கள், மேக் என்றால் ஃபைண்டர் போதும். ஐபோன் 5-இல் இருப்பது லைட்னிங் கேபிள்தான், வீட்டில் வேறு யாரிடமாவது ஐபோன் 14 வரையிலான ஒன்று இருந்தால் அதன் கேபிளே பொருந்தும். மாட்டியதும் முதலில் பேக்கப். பிறகு அப்டேட் என்ற பொத்தான். அதன் பக்கத்தில் ரீஸ்டோர் என்று இன்னொன்று இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும், அது வேண்டாம்.

நடுவில் நின்றுபோய் ரெக்கவரிக்குப் போக நேர்ந்தால், ஹோமையும் மேல் பட்டனையும் ஒன்றாகப் பிடித்து, திரையில் கேபிள் படம் வரும்வரை விடாதீர்கள். இன்டர்நெட் வேகம் குறைந்த வீடுகளில் ஒரு சிக்கல் வரும்: ஃபைல் இறங்கப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் போன் தானாக அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடும். தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபைல் முழுதாக இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி அதே பட்டன்களைப் பிடித்தால் போதும்.

அப்டேட் ஆனதும் தேதி சரியாகிவிடும். வாட்ஸ்அப் மட்டும் இதில் ஓடாது, ஐயா. அது கேட்கும் அளவுக்கு ஐபோன் 5-ஐ உயர்த்த முடியாது. பேசவும் படம் எடுக்கவும் பாட்டுக் கேட்கவும் நன்றாகவே உதவும்.

ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருக்கிறேன். புதிய எம்.ஐ.யு.ஐ. (ரெட்மி போனில் வரும் ஆண்ட்ராய்டு) ரொம்ப மெதுவாக இருக்கிறது. 2018-இல் போன் வாங்கியபோது இருந்த முதல் பதிப்பையே மி ஃப்ளாஷ் வைத்துத் திரும்பப் போடலாம் என்று நினைக்கிறேன். ஃபைலும் இறக்கிவிட்டேன்.
— அச்சக ஊழியர், சிவகாசி

அந்த ஃபைலைத் தொடாதீர்கள், தம்பி. இதை முதலில் படியுங்கள்.

அந்த மாடலுக்கு 2018-இலேயே ஆன்டி ரோல்பேக் என்ற பூட்டை ரெட்மியின் நிறுவனமான ஷாவ்மி போட்டுவிட்டது. போனுக்குள் ஒரு எண் பதிந்திருக்கும். நீங்கள் ஏற்றும் பதிப்பின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் போன் லோகோவில்கூட நிற்காது, முழுக்க இருண்டுவிடும். கம்ப்யூட்டரில் மாட்டினால் குவால்காம் 9008 என்று மட்டும் காட்டும். அந்த நிலையிலிருந்து மீட்கப் பின்மூடியைக் கழற்றி போர்டில் இரண்டு புள்ளிகளை இணைக்க வேண்டும், அதற்குமேல் நிறுவனத்தின் அனுமதி பெற்ற கணக்கும் வேண்டும். வீட்டில் ஆகிற வேலை இல்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டர் தரும் கட்டளைகளைப் போன் கேட்கும் நிலை) போனை வைத்து, கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். 4 என்று வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் கதவு மூடிவிட்டது. புதிய பதிப்புகளைப் போட்ட போனில் 4-தான் வரும். இன்னொன்று, மி ஃப்ளாஷின் அடியில் கிளீன் ஆல் அண்ட் லாக் என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் பூட்லோடர் மறுபடி பூட்டிக்கொள்ளும். தவறான சாஃப்ட்வேர் உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொண்டால் மீட்பது பெரும்பாடு.

மெதுவாக இருப்பதற்கு, தேவையில்லாத ஆப்களை எடுத்துவிட்டு, ஸ்டோரேஜில் கால்வாசியாவது காலியாக வைத்து, பேக்கப் எடுத்துவிட்டு ஒரு ஃபேக்டரி ரீசெட் கொடுத்துப் பாருங்கள். முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

ஒடினில் ஆடட் என்று வரவே இல்லை. மூன்று நாளாக மாட்டி மாட்டிக் கழற்றுகிறேன்.
— வாசகர், ஓசூர்

கேபிளை மாற்றுங்கள். பவர் பேங்கோடு வரும் கேபிள்களில் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவல் போகும் கம்பியே உள்ளே இருக்காது. நல்ல போனில் மாட்டிப் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தால் கேபிளின் லட்சணம் தெரிந்துவிடும். கேபிள் நல்லது என்றால் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கத் துளையை விட்டு மதர்போர்டோடு நேராக இணைந்த பின்பக்கத் துளையில் மாட்டுங்கள், கரண்ட் போகாத நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் ஃபைலை எங்கெங்கிருந்தோ இறக்குகிறோமே, அதில் வைரஸ் வந்துவிடாதா?
— வாசகி, தஞ்சாவூர்

நல்ல கேள்வி. பூட்லோடர் அன்லாக் செய்யாத சாம்சங் போன், நிறுவனத்தின் கையெழுத்து இல்லாத ஃபைலை ஏற்காது. யாராவது உள்ளே எதையாவது நுழைத்திருந்தால் ஒடினில் சிவப்பாக ஃபெயில் என்று நின்றுவிடும். ஆபத்து கம்ப்யூட்டருக்குத்தான். ஒடின், டிரைவர் என்ற பெயரில் கண்ட கண்ட பொட்டலங்கள் சுற்றுகின்றன. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதைத் திற என்று சொல்லும் எதையும் திறக்காதீர்கள். டிரைவரை சாம்சங்கின் தளத்திலிருந்தே எடுக்கலாம்.

பழைய போன் ஒன்று வாங்கினேன். சாஃப்ட்வேர் போட்டால் ஜிமெயில் லாக் போய்விடும் என்றார்கள். போட்ட பிறகும் முந்தைய கணக்கைக் கேட்கிறது.
— வாசகர், வேலூர்

கேட்கத்தான் செய்யும். ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. திருடியவன் துடைத்துவிட்டு விற்கக்கூடாது என்பதற்காகவே வைத்தது. விற்றவரைத் தேடிப் பிடித்து அவர் கணக்கைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் போனைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடுங்கள். பூட்டை உடைக்கும் வழிகளை நான் எழுதுவதில்லை. இதே பூட்டில் உங்கள் சொந்த போனிலேயே மாட்டிக்கொள்ளவும் கூடும். அதனால் முழுக்கத் துடைக்கும் முறையில் சாஃப்ட்வேர் போடுவதற்கு முன்னால் உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷமாகப் பீரோவில் இருந்த போனுக்குச் சாஃப்ட்வேர் போட எடுத்தேன். பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தி மூடிவிட்டு சார்ஜ் போடலாமா?
— வாசகர், காரைக்குடி

வேண்டாம், அழுத்தவே வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தினால் உள்ளே கிழிந்து தீப்பிடிக்கும். சார்ஜும் போடாதீர்கள், கம்ப்யூட்டரிலும் மாட்டாதீர்கள், அதிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறத்தான் செய்யும். துணி, காகிதம் இல்லாத இடத்தில், ஒரு மண்சட்டியிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து, கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மட்டும் முதலில் மாற்றுங்கள். கழற்றியதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம். புது பேட்டரியில் போன் லோகோ வரை வருகிறதா, அதுவும் இல்லையா என்று பார்த்து எழுதுங்கள். மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் மிச்சத்தைச் சொல்கிறேன்.